கேட்டு எழுதுதல்

புகழேந்திக்குக் கையைச் சும்மா வைத்திருக்க வராது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டுக் கம்பியில் தட்டுவான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு விளிம்பில் தட்டுவான். துக்கம் கேட்கப் போன வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் தட்ட, செத்தவரின் மகன் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்ததும் உண்டு. நாற்பத்து நான்கு வயதில் இதையெல்லாம் மாற்ற முடியாது என்று அவன் மனைவி சுடர்விழி எப்போதோ விட்டுவிட்டாள்.

திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் அவனுடைய பேண்டு செட்டுக்கு இருபத்திரண்டு வருஷப் பெயர். சைடு டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் இறங்கினால் மாப்பிள்ளையே காரை விட்டு இறங்கி ஆடிவிடுவான். ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் அவனுக்குப் போதும். இரண்டாம் தடவை அவன் அடிக்கும்போது பாட்டில் இல்லாதது பாதி அதில் சேர்ந்திருக்கும். ஊர்வலத்தில் அதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். ஆகவே அது ஒரு குறை என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

அது தெரியவந்தது ஒரு பள்ளிக்கூடத்தால். தஞ்சாவூர் பைபாஸ் பக்கம் இருக்கும் அந்தத் தனியார் பள்ளியின் ஆண்டு விழாவில் பேண்டு மாஸ்டர் வராமல் போக, யாரோ சொல்லி இவனைக் கூட்டிப் போனார்கள். இரண்டே மணி நேரத்தில் அறுபது பிள்ளைகளை ஒரே அடிக்குக் கொண்டுவந்துவிட்டான். தலைமை ஆசிரியை மறுவாரம் கூப்பிட்டு அனுப்பினார். முகூர்த்த நாளை நம்பாத வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு, மாசம் பிறந்தால் சம்பளம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஆனா சார், சர்டிபிகேட் வேணும். அஞ்சாவது கிரேடாவது முடிச்சிருக்கணும். ஜூலையில பரீட்சை வருது, எழுதிட்டு வாங்க" என்றார்.

அப்படித்தான் அவன் கவிப்ரியாவிடம் போய்ச் சேர்ந்தான்.

கவிப்ரியாவின் இசை வகுப்பு கடைத்தெருவில் உரக்கடை மாடியில் இருந்தது. படியேறும்போதே யூரியா வாடை மூக்கில் ஏறும். இருபத்தேழு வயசுப் பெண். கீபோர்டு, கிட்டார் எல்லாம் சொல்லித் தருவாள். இவனை உட்கார வைத்து ஒரு தாளை நீட்டினாள்.

"அண்ணே, பரீட்சையில நீங்க டிரம்மு வாசிக்கிறதுல எனக்குக் கவலயே இல்ல. அது போக மூணு இருக்கு. பேப்பரப் பாத்து அதுல இருக்கற மாதிரியே தட்டணும். அவங்க வாசிக்கறதக் கேட்டு எழுதணும். அப்புறம் அவங்க நாலு அடிச்சு விடுவாங்க, பதிலுக்கு நீங்க சொந்தமா நாலு அடிச்சு முடிக்கணும்."

"மூணாவது அல்வாங்க டீச்சர்."

"மொதல்லேருந்து வருவோம். தனிக் குச்சி ஒண்ணு நிக்கிதா, அது ஒரு அடி. 'டா'. ரெண்டு குச்சிய மேல சேத்துக் கட்டியிருந்தா, அதே நேரத்துக்குள்ள ரெண்டு அடி. 'டிடி'. இந்தக் கொக்கி மாதிரி நெளிஞ்சு கெடக்கு பாருங்க, இது ரெஸ்ட்டு. அந்த ஒரு அடிக்குச் சும்மா இருக்கணும்."

"சும்மாவா?"

"சும்மா."

"சும்மா இருக்கறதுக்கு எதுக்குங்க ஒரு எழுத்து? எழுதாம விட்டாலே சும்மாதான இருப்போம்?"

"நீங்க இருப்பீங்களா அண்ணே? தட்டுங்க பாப்போம்."

புகழேந்தி தட்டினான். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு தட்டினான். கீழே உரக்கடையில் சாக்குத் தூக்குகிறவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். முடித்துவிட்டு அவன் கண்ணைத் திறந்தபோது கவிப்ரியா கன்னத்தில் கை வைத்திருந்தாள்.

"அண்ணே, பேப்பர்ல பதினாலு அடி இருக்கு. நீங்க எத்தன அடிச்சீங்க?"

"எண்ணலீங்களே."

"எண்ணிப் பாத்தேன், எனக்கும் முடியல. நடுவுல ரெண்டு எடத்துல ரெஸ்ட்டு இருந்துச்சே, அது எங்க போச்சு?"

"காலியா கெடந்துச்சுங்க. அதான் கொஞ்சம் ரொப்புனேன்."

கவிப்ரியா ஒரு கட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துத் தினமும் தட்ட வேண்டும். அவர்கள் தாளைப் பார்த்துத் தப்பைச் சொல்ல வேண்டும் என்றாள். மகள் தஞ்சாவூரில் நர்சிங் விடுதியில் இருக்கிறாள். வீட்டில் இருப்பது சுடர்விழியும் ஒரு கலப்பினக் கறவை மாடும்தான்.

அது குறுவை நடவு நேரம். ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் எல்லாம் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. சுடர்விழி பதினான்கு பெண்கள் கொண்ட நடவுக் குழுவுக்குத் தலைவி. விடியற்காலையில் தூக்குவாளியில் பழைய சோறும் இரண்டு துண்டு கருவாடும் எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம்தான் வருவாள். எந்த வயலுக்கு நாற்றுக் கட்டு எத்தனை முடி வேண்டும் என்பதை வரப்பில் நின்று பார்த்தே சொல்லுவாள். சொன்னதற்கு ஒரு முடி கூடாது, குறையாது. அன்றைக்கும் வாய்க்காலில் கால் சேற்றைக் கழுவிவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளிடம் புகழேந்தி தாளை நீட்டினான்.

"இதப் புடிச்சுக்க சுடர். நான் தப்பா அடிச்சா சொல்லு."

"எனக்கு என்னங்க தெரியும் இதுல?"

அவன் டா, டிடி, கொக்கி மூன்றையும் சொல்லிக் கொடுத்தான். அவள் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒருத்திக்கு ஒரு முடி. ரெண்டு பேரு சேந்து நின்னா ஆளுக்கு அர முடி. கொக்கி போட்ட எடத்துல ஆளு இல்ல. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"சரி, அடிங்க."

அவன் அடித்தான். மூன்றாவது அடியிலேயே அவள் கையை உயர்த்தினாள்.

"அங்க ஒண்ணுதான் போட்டுருக்கு. நீங்க நாலு அடிக்கிறீங்க."

"அது அழகுக்கு."

"அழகு கேட்டாங்களா?"

மறுபடி அடித்தான். மறுபடி நிறுத்தினாள். "கொக்கி. ஆளில்லாத எடத்துல நடறீங்க."

ஒரு வாரத்தில் அவள் தாளைப் பார்த்த மாத்திரத்தில் தட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒரு அடி கூடாது, குறையாது. கேட்க ஒரு ரசமும் இருக்காது. ஆனால் தாளில் இருந்தது அதுதான். ஒருநாள் புகழேந்தி மொபெட்டில் கடைத்தெருவுக்குப் போகும்போது வயலில் குனிந்திருந்த பதினான்கு பெண்களும் அவன் வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்கள். "டா, டிடி, டா" என்று ஒரே குரலில் கத்திவிட்டு, எல்லோரும் சேற்றுக் கையை வாயில் வைத்து "உஷ்!" என்றார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் பதினான்கு பேரும் உஷ்ஷை ஒரே அடியில் விட்டது அவன் காதுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கேட்டு எழுதுவதில் அவன் வேகமாகத் தேறினான். காதில் பழுதில்லை, கைக்கு எழுத்து பழகினால் போதும் என்றாள் கவிப்ரியா. காதில் விழுகிற எதையும் எழுதிப் பழகுங்கள் என்றும் சொன்னாள். அவன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டான். பம்புசெட்டு, துணி துவைக்கும் கல், வாய்க்கால் தவளை, ஸ்பீக்கர் கட்டி வெங்காயம் விற்கிற ஆட்டோ எல்லாம் நோட்டில் ஏறின.

அடுத்த வீட்டு வைத்தியலிங்கமும் ஏறினார். நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷம் நெல் தூசியை உள்ளே இழுத்ததில் இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. ஒருநாள் நோட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் 'வைத்தி மாமா, மதியம்' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப் போனார்.

"ஏம்ப்பா புகழு, மனுஷன் இருமறதக்கூடவா எழுதுவே?"

"உங்க இருமல் சுத்தமா இருக்கு மாமா. டா, டா, டிடி, டா. அப்புறம் ஒரு ரெஸ்ட்டு. எப்ப இருமுனாலும் அதேதான்."

"அப்படியா?" கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனால் அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று இரண்டு தரம் இருமிக் காட்டிவிட்டு, "இன்னைக்கு எப்படி, மாறியிருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒருநாள் ஒரு 'டி' கூடியிருக்கிறது என்று புகழேந்தி வாய் தவறிச் சொல்லப்போக, அன்றைக்கே பஸ் ஏறித் தஞ்சாவூர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாராம். "அவருக்குத் தாளம் தெரியலப்பா" என்றார் வைத்தியலிங்கம்.

வினை அதே நோட்டில்தான் இருந்தது.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். புகழேந்தி மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தான். சுடர்விழி அன்றைய பாடத்துக்குத் தாள் தேடி நோட்டைப் புரட்டினாள். கை தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. நல்ல வேகமான தாளம். எங்கேயோ கேட்டது போல அவனுக்கும் இருந்தது. திடீரென்று சத்தம் நின்றது.

அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது என்ன?"

பக்கத்தின் மேலே அவன் கையெழுத்து: 'சுடர், காலை ஏழு மணி. வேகம் அதிகம். ரெஸ்ட் எங்கும் இல்லை.'

"ஆங், அதுவா!" புகழேந்தி கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாக வந்தான். "போன வாரம் நீ பேசுனது. மூணு வரி. ரொம்பக் கஷ்டமான தாளம் சுடர். டீச்சர்கிட்ட காட்டுனேன், இத எட்டாவது கிரேடுல போடலாம்னாங்க."

"டீச்சர்கிட்ட காட்டுனீங்களா?"

"பாராட்டுனாங்க."

"நான் என்ன பேசுனேன்?"

"என்னது?"

"எழுதியிருக்கீங்கல்ல. மூணு வரி. அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க."

புகழேந்தி நோட்டைப் பார்த்தான். குச்சிகள் வரிசையாக நின்றன. ஒரு அடி பிசகில்லை. எந்த இடத்தில் அவள் வேகத்தைக் கூட்டினாள், எந்த இடத்தில் குரலை ஏற்றினாள் என்பதுகூட இருந்தது. வார்த்தை ஒன்றும் இல்லை. அவன் கை தன்னையறியாமல் தொடையில் அந்தத் தாளத்தைத் தட்டிப் பார்த்தது, அதிலிருந்து ஏதாவது விழுமா என்று.

"தட்டாதய்யா!" என்றாள் சுடர்விழி. "யோவ், இருவது வருஷமா நான் பேசறத நீ இப்படித்தான் கேட்டுக்கிட்டு இருக்கியா? 'ம்'னு வேற சொன்ன அன்னைக்கு. ம்! நான் நம்பிட்டு உக்காந்திருக்கேன்."

"சுடர், இப்ப சொல்லு, கேக்கறேன்."

"சொல்ல மாட்டேன்."

அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு வந்தது, கெண்டை மீன் குழம்புகூட ஒருநாள் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. தாளைப் பிடிக்க ஆளில்லை. அவள் வயலுக்குப் போய்வந்து, குளித்து, மாட்டைக் கறந்து, படுத்துவிடுவாள். வீட்டில் தட்டு வைக்கும் சத்தமும் கயிறு அவிழ்க்கும் சத்தமும்தான் கேட்டன. மூன்றாம் நாள் வகுப்பில் அவன் தாளைப் பார்த்துத் தட்டியபோது கவிப்ரியா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அண்ணே! ரெஸ்ட்டு அஞ்சும் சரியா விட்டீங்க! எப்படிண்ணே?"

"வீட்ல பேச்சே இல்லீங்க டீச்சர். பழகிருச்சு."

என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் தூங்காமல் அந்த மூன்று வரியைத் தட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் அந்தச் சனிக்கிழமை மத்தியானம், சுடர்விழி வயலில் இருந்த நேரம் பார்த்து, நோட்டை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி வைத்தியலிங்கத்திடம் போனான். ஆடிக்காற்று முன்கூட்டியே ஆரம்பித்து, வைத்தியலிங்கத்தின் வேட்டிகள் கொடியில் படபடத்துக்கொண்டிருந்தன.

"மாமா, அன்னைக்குக் காலையில சுடர் என்ன சொல்லிச்சுன்னு உங்களுக்குக் கேட்டுச்சா?"

"உம் பொண்டாட்டி பேசுனா கொள்ளிடத்துக்கு அந்தாண்ட வரைக்கும் கேக்கும். ஆனா என்னன்னு யாருப்பா காது குடுத்தா? நீயே குடுக்கல."

"தாளம் இருக்கு மாமா. வார்த்த மட்டும் வேணும். ரெண்டு பேருமா போட்டுப் பாத்தா வந்துரும்."

பட்டியல் எழுதிய கைக்கு வேலை வந்ததில் வைத்தியலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். புகழேந்தி கடைசி வரியைத் தட்டினான். "டிடி, டிடி, டிடி, டிடி. மாமா, இது கேள்வி மாதிரி முடியுது. இல்ல, வேணும்னு கேக்கற மாதிரி."

"வேணும்னு கேட்டா சாமான்தான். எட்டு எழுத்துல என்ன சாமான்?" வைத்தியலிங்கம் விரல்விட்டு முணுமுணுத்தார். "பச்ச மொளகா... பத்தாது. தேங்கா எண்ண... ம்ஹூம். சீ-னி, ரெண்-டு, கி-லோ, வே-ணும்!"

புகழேந்தி தட்டிப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்தது. ஒரு அடி இழுக்கவில்லை, ஒரு அடி இடிக்கவில்லை.

"மாமா!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இரு, மேல் வரி. இது 'வெ'ன்னு ஆரம்பிச்ச மாதிரி ஒரு ஞாபகம் எனக்கு."

"ஆமா மாமா, 'வெ'! எனக்கும் அப்படித்தான் இருக்கு."

அரை மணி நேரத்தில் 'வெல்லக்கட்டி கடலப் பருப்பு' என்று நடு வரி முடிந்தது. வைத்தியலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "சீனி, வெல்லம், கடலப் பருப்பு. சுழியம் போடறதுக்குக் கேட்டுருக்காப்பா. பொம்பள ஆசப்பட்டு ஒரு பலகாரத்துக்குச் சாமான் கேட்டு, நீ தாளம் எழுதிக்கிட்டு இருந்தா கோவம் வராதா?"

முதல் வரி மட்டும் பிடிபடவில்லை. அது பரவாயில்லை என்று புகழேந்தி கடைத்தெருவுக்குப் பறந்தான். சாயங்காலம் சுடர்விழி வரும்போது சமையல் மேடையில் இரண்டு கிலோ சீனி, ஒரு பை வெல்லம், கடலைப் பருப்பு எல்லாம் வரிசையாக இருந்தன. அவன் பக்கத்தில் நின்று கொண்டிருந்தான்.

அவள் மூன்றையும் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மூன்றையும் எடுத்து மேல் பரணில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பில் அவன் கொக்கி இல்லாத இடத்திலும் நின்றுவிட்டான். கவிப்ரியா தாளை மூடி வைத்துவிட்டு என்னவென்று கேட்டாள். சீனி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அண்ணே, அக்காகிட்டயே போயிக் கேட்டா என்ன?"

"கேட்டேன் டீச்சர். சொல்ல மாட்டேன்னுட்டா."

"ஒரு தடவதான கேட்டீங்க?"

அவன் யோசித்தான். ஒரு தடவைதான் கேட்டிருந்தான்.

"சீனி வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது தடவ கேட்டுருக்கலாமேண்ணே. போங்க. கேட்டுட்டு, நடுவுல பேசாம உக்காருங்க. உங்களுக்குத்தான் இப்ப அது வருதே."

இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் அவள் வாய் திறக்கவில்லை. வியாழக்கிழமைதான் வழி கிடைத்தது. அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டு நடவு பாதியில் நின்றது. சுடர்விழி மத்தியானமே வந்து, நனைந்த சேலையை மாற்றிவிட்டு அடுப்படியில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். புகழேந்தி போய் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"சுடர். அன்னைக்கு நான் கேக்கல. 'ம்'னு சொன்னது பொய். இப்ப கேக்க வந்துருக்கேன்."

அவள் திரும்பவில்லை. அவனும் எழுந்திருக்கவில்லை. முறத்தில் பயறு விழும் சத்தம் ஒரு நல்ல தாளமாக இருந்தது. அவன் விரல்கள் எழுந்தன. அவன் இரண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். அதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, முறத்தைக் கீழே வைத்தாள்.

"மெஷின் நடவு தெரியுமா?"

அவன் தலையை ஆட்டினான்.

"போன வருஷம் நம்ம பக்கம் ஒரு மெஷினு வந்துச்சு. இந்த வருஷம் மூணு. எங்க செட்டுக்குப் போன குறுவைய விட பதினோரு நாள் வேல கொறஞ்சுபோச்சு. மெஷின் ஓட்டறவன் எங்கேருந்தோ வர்றான். எந்த வயல்ல பள்ளம், எதுல மேடுன்னு ஒண்ணும் தெரியல. சேத்துல எறக்கி மாட்டிக்கிறான். நாலு மூலையயும் அப்படியே விட்டுட்டுப் போயிடறான். அப்புறம் எங்களக் கூப்புட்டு மூலைய நடச் சொல்றாங்க. முழு வயல நட்ட கை இது. மூல நடறதுக்கு மட்டும் பதினாலு பேரு எதுக்கு, ரெண்டு பேரு போதுங்கறாங்க. மிச்சம் பன்னண்டு பேரு என்ன பண்ணுவாளுங்க? எங்க செட்டு அனுசுயா அழுவறா. எங்கிட்டதான் வந்து அழுவறா."

புகழேந்தி வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"அந்த மெஷின ஓட்டக் கத்துக் குடுக்கறாங்க. ஆடுதுறையில. அஞ்சு நாளு தங்கிப் படிக்கணும். பொம்பளைங்களும் வரலாம்னு வேளாண்மை ஆபீசுல மேடமே சொன்னாங்க. மேடு பள்ளம் தெரிஞ்ச நாங்களே ஓட்டுனா என்ன? நான் கத்துக்கிட்டு வந்தா இவளுங்கள்ல நாலு பேருக்குச் சொல்லிக் குடுப்பேன். நாத்து தட்டுல வளக்கணும், அதுக்கு நாலு பேரு. அதத்தான் அன்னைக்குச் சொன்னேன். 'ஆடுதுறைக்கு அஞ்சு நாளு நான் போகணும். வெள்ளிக்கெழம கடசி நாளு. மாட்ட யாரு பாத்துப்பாங்க?' நீங்க 'ம்'முன்னீங்க."

மாட்ட யாரு பாத்துப்பாங்க. அவன் மனசுக்குள் தட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. தானாகவே உட்கார்ந்தது.

"எந்த வெள்ளிக்கெழம?"

"நாளைக்கு. தள்ளி வெச்சிருக்காங்க."

"நாளைக்கா! அப்ப ஏன்டி இத்தன நாளு..."

அவள் புருவம் உயர்ந்தது. அவன் பாதியில் நிறுத்தினான்.

"கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் சுடர்விழி. "கேட்டீங்க, சரி. ஆனா அதுக்குள்ள சீனி வாங்கிட்டு வந்துட்டீங்க. அந்தச் சீனியப் பாத்ததும் எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. எதுக்குங்க அது?"

அவன் சொன்னான். வைத்தியலிங்கம் விரல்விட்டு எண்ணியதையும், எட்டு எழுத்தும் உட்கார்ந்ததையும், சுழியத்தையும் சொன்னான். சுடர்விழி முறத்தை முகத்துக்கு மறைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று அவன் பயந்தான். முறம் குலுங்கிப் பயறு தரையெல்லாம் சிதறியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நனைந்த சாலையில் மொபெட்டைப் பூதலூருக்கு விரட்டினான் புகழேந்தி. பின்னால் பாலிதீன் பையில் படிவம், ஆதார் நகல், இரண்டு போட்டோவுடன் சுடர்விழி. வேளாண்மை அலுவலகத்தில் மேடம் படிவத்தை வாங்கிக்கொண்டு, "வீட்ல சம்மதமா?" என்று கேட்டார். புகழேந்தி மெஷின் நடவின் வருங்காலம் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசலாம் என்று தொண்டையைச் செருமினான். சுடர்விழி பார்த்தாள். "சம்மதங்க" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டான்.

பயிற்சியும் பரீட்சையும் ஒரே வாரத்தில் வந்தன. செவ்வாய்க்கிழமை மாட்டை வைத்தியலிங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு அவன் தஞ்சாவூர் போனான். அவர் பக்கத்தில் நின்று இருமும்போதெல்லாம் மாடு உதைத்ததாகவும், இருமலை அடக்கிக்கொண்டு கறந்ததில் பாதிப் பாலைத்தான் காண முடிந்தது என்றும் பிறகு சொன்னார்.

பரீட்சை வைத்தவர் கோட்டுப் போட்ட வெள்ளைத் தலைக்காரர். சென்னையிலிருந்து வந்தவர். டிரம்மைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். தாளைக் கொடுத்தார், புகழேந்தி இருந்ததை இருந்தபடி தட்டினான். மூன்று கொக்கி இருந்தன, மூன்றிலும் நின்றான். கேட்டு எழுதுவதை இரண்டு தரம் வாசிப்பார்கள். முதல் தரத்திலேயே எழுதி முடித்துவிட்டு, இரண்டாம் தரத்தில் கை கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான்.

பிறகு அவன் காத்திருந்த மூன்றாவது. கோட்டுக்காரர் நாலு அடி வாசித்துவிட்டு அவனைப் பார்த்துக் கையை நீட்டினார். பதிலுக்கு நாலு. இரண்டு மாதமாகக் கட்டி வைத்திருந்த கை, அவிழ்த்துவிட்டதும் ஓடியது. நாலு முடிந்தது, எட்டு முடிந்தது. கோட்டுக்காரர் "தேங்க்யூ" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து அவன் இன்னும் கொஞ்சம் சேர்த்தான். "தேங்க்யூ, தேங்க்யூ" என்றார். புகழேந்திக்கு மெய் சிலிர்த்தது. கல்யாண ஊர்வலம் பந்தலுக்குத் திரும்புகிற இடத்தில் அடிப்பானே, அந்த முத்தாய்ப்பைக் கொண்டுவந்து வைத்து முடித்தான். அவர் மேசை மணியை அடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தான்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. பார்த்துத் தட்டுவது நன்று, கேட்டு எழுதுவது மிக நன்று. சொந்தமாக முடிப்பதில் தேறவில்லை. 'கேட்ட அளவில் நிற்கவில்லை' என்று ஒரு குறிப்பு. மொத்தத்தில் தேர்ச்சி, வேலையும் கிடைத்தது. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த வாரத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. தினமும் சாயங்காலம் ஆடுதுறையிலிருந்து போன் செய்து சுடர்விழி மாட்டைப் பற்றிக் கேட்டாள். பரீட்சையைப் பற்றிக் கேட்டபோது, "முடிஞ்சுது, நீ வா சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கினாள். கையில் பை, பச்சை அட்டைச் சான்றிதழ், வெயிலில் கறுத்த முகம். மொபெட்டில் ஏறி உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"மொத நாளு கிளச்சப் புடிக்கவே பயமா இருந்துச்சுங்க. தஞ்சாவூர்லேருந்து வந்த ஒரு பையன் என்னப் பாத்து, 'அக்கா, நீங்க தட்டு எடுத்துக் குடுங்க, நான் ஓட்டறேன்'ங்கறான். நான் எறங்கலயே!"

புகழேந்தி ஓட்டினான். நடவு முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் தண்ணீரில் நின்றன. இரண்டாம் நாள் கதை முடிகிற இடத்தில், சத்தம் கேட்கிறதா என்று அவள் சந்தேகப்பட்டுத் தோளைத் தட்டினாள்.

"கேக்கறீங்களா?"

"ரெண்டாம் நாளு வளைவு திருப்பறப்ப நீ மேட்டப் பாத்து முன்னாடியே தூக்குன. சார் வந்து, 'நீங்க ஏற்கனவே ஓட்டியிருக்கீங்களா'ன்னு கேட்டாரு. நீ, 'குனிஞ்சு நட்டுருக்கேன் சார்'ன்னு சொன்ன. அந்தத் தஞ்சாவூர்ப் பையன் தட்டு எடுத்துக் குடுத்தான்."

தோளைத் தட்டிய கையை அவள் எடுக்கவில்லை.

"உங்க பரீட்ச?"

"பாத்து அடிச்சது சரி. எழுதுனது சரி. சொந்தமா அடிச்சதுல மணி அடிச்சுட்டாங்க."

"எதுலங்க? சொந்தமா அடிச்சதுலயா?" அவள் சிரித்த சிரிப்பில் மொபெட் ஆடியது. "நீங்களா? சொந்தமா அடிக்கறதுலயா?" என்று மறுபடி கேட்டு மறுபடி சிரித்தாள். எதிரே வந்த நெல் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

பிறகு விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் நாற்றுத் தட்டு பிய்ந்து போனதையும், அதை எப்படிச் சுருட்டினால் பியாது என்பதையும் சொன்னாள். தெரு வந்தது. வைத்தியலிங்கம் வேலியில் நின்று கையாட்டினார். மாடு கத்தியது. வண்டி வீட்டைத் தாண்டியது.

"ஏங்க, வீடு போயிருச்சு."

"தெரியும்."

"எங்கங்க போறீங்க?"

"நீ இன்னும் முடிக்கலயே."

சுடர்விழி திரும்பி வீட்டைப் பார்த்தாள். பிறகு பையை இரண்டு பேருக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு நன்றாக உட்கார்ந்தாள்.

"சரி, கேளுங்க. மூணாம் நாளு மத்தியானம் மெஷினு சேத்துல மாட்டிக்கிச்சு."

வண்டி குடமுருட்டிப் பாலத்தில் ஏறியது. இன்னும் இரண்டு நாள் கதை பாக்கி இருந்தது.